கடனா, நன்கொடையா? தாய்லாந்தில் ஒரு கட்சி கலைக்கப்பட்ட கதை

கணக்குப்பதிவியல் வகுப்பில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்: கடன் வாங்கினால் அது வருமானம் இல்லை. இருப்புநிலைக் குறிப்பில் அது பொறுப்புகள் பக்கம் போய் உட்காரும். என்றைக்காவது திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். பி.காம். படிக்கிற யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சின்ன விஷயத்தை வேறு மாதிரி வாசித்து, 63 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட ஒரு கட்சியை ஒரு நாட்டில் இழுத்து மூடினார்கள் என்றால் நம்புவீர்களா? 2020-ல் தாய்லாந்தில் நடந்தது அதுதான். அதோடு முடியவில்லை. அந்தக் கட்சி வேறு பெயரில் வந்து முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஓட்டு வாங்கியது. அதையும் கலைத்தார்கள். மறுபடி இன்னொரு பெயரில் வந்தது.

நம்மில் பலருக்குத் தாய்லாந்து என்றால் பட்டாயா, யானை, மலிவு விலை விமான டிக்கெட். அரசியல் என்று வந்தால் "அங்கே அடிக்கடி ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும்" என்பதோடு சரி. நான் அரசியல் அறிவியல் மாணவன் இல்லை. ஆனால் இந்தக் கதையில் பங்குப் பத்திரம், கடன் ஒப்பந்தம், வட்டி விகிதம் எல்லாம் வருகிறது. அதனால் காமர்ஸ்காரன் ஒருவன் இதைச் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

துப்பாக்கியிலிருந்து தீர்ப்புக்கு

1932 ஜூன் 24 அன்று 'மக்கள் கட்சி' என்ற ஒரு குழு தாய்லாந்தின் முழு முடியாட்சிக்கு முடிவு கட்டியது. குழுவில் இருந்தவர்கள் அரசு அதிகாரிகளும் ராணுவத்தினரும். அரசர் இருப்பார், ஆனால் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு இருப்பார் என்பது ஏற்பாடு. ஏற்பாடு காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து 2014 வரை 12 தடவை ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியிருக்கிறது. தோற்றுப்போன முயற்சிகள் இந்தக் கணக்கில் இல்லை.

இடதுசாரி, முற்போக்குக் கட்சி என்பது அந்த நாட்டுக்குப் புதிது அல்ல. 1973 அக்டோபர் 14 மாணவர் எழுச்சி ராணுவ ஆட்சியை வீழ்த்தியது. அதற்குப் பிறகு வந்த 1975 தேர்தலில் தாய்லாந்து சோஷலிஸ்ட் கட்சி 15 இடங்களைப் பிடித்தது. அதன் பொதுச்செயலாளர் பூன்சனோங் புன்யோத்யானா, தம்மசாத் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக் கொடுத்தவர். 1976 பிப்ரவரி 28 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் அக்டோபர் 6 அன்று தம்மசாத் வளாகத்துக்குள் மாணவர்கள் மீது பெரும் படுகொலை நடந்தது. அரசுக் கணக்கிலேயே 40-க்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். அன்று மாலையே ராணுவம் மறுபடி ஆட்சிக்கு வந்துவிட்டது.

அது பழைய முறை. 2000-களில் புதிய முறை ஒன்று வந்தது. தேர்தலில் ஜெயித்துக்கொண்டே இருந்த தக்சின் ஷினவத்ராவை 2006 செப்டம்பரில் ராணுவம் நீக்கியது. அடுத்த வருடம் மே மாதம் அவருடைய தாய் ராக் தாய் கட்சியை நீதிமன்றம் கலைத்தது. கட்சியின் நிர்வாகிகள் 111 பேருக்கு 5 வருட அரசியல் தடை. அவர் ஆட்கள் வேறு பெயரில் வந்து ஜெயித்தார்கள். அந்தக் கட்சியையும் 2008 டிசம்பரில் கலைத்தார்கள்.

தக்சின் முற்போக்குக்காரரா இல்லையா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது முறையை மட்டும்தான். டாங்கியைத் தெருவில் இறக்கினால் உலகமே பார்க்கும், சுற்றுலா படுத்துவிடும், பங்குச் சந்தை விழும். ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு வாசித்தால் அடுத்த நாள் செய்தித்தாளில் அது "சட்ட நடவடிக்கை". செலவு குறைவு.

250 பேர் கொண்ட பூட்டு

2014 மே 22 அன்று ஜெனரல் பிரயுத் சான்-ஓ-சா ஆட்சியைப் பிடித்தார். புதிய அரசியல் சட்டம் எழுதி, 2016 ஆகஸ்ட் 7 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எதிர்த்துப் பிரசாரம் செய்தவர்கள் கைதானார்கள். சட்டம் நிறைவேறி 2017-ல் அமலுக்கு வந்தது.

அதில் இருந்த ஏற்பாடு இதுதான். மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையில் 500 பேர். ராணுவ ஆட்சி நியமிக்கும் மேலவையில் 250 பேர். முதல் ஐந்து வருடத்துக்குப் பிரதமரை இரண்டு அவையும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். மொத்தம் 750, ஜெயிக்க 376 வேண்டும். ராணுவத்தின் ஆளுக்கு 250 ஏற்கனவே கையில் இருக்கிறது, அவர் 126 தேடினால் போதும். மற்றவர்கள் 500-க்குள்ளேயே 376 பிடிக்க வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் ஒருவரை மட்டும் பாதி வழியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு விசில் அடிப்பது மாதிரி.

ஆரஞ்சுக் கட்சி

இந்தப் பந்தயத்தில் 2018-ல் ஒரு புதுக் கட்சி இறங்கியது. பெயர் 'அனாகோட் மை', அதாவது புதிய எதிர்காலம். அனாகோட் என்ற சொல் பாலி மொழியின் 'அநாகத' என்பதிலிருந்து வந்தது. 'இன்னும் வராதது' என்று பொருள். எதிர்காலத்துக்கு எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள்.

கட்சியை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் தனாதோர்ன் ஜுங்ருங்ருவாங்கிட். கார் உதிரிபாகம் செய்யும் தாய் சம்மிட் என்ற பெரிய குழுமத்தின் வாரிசு, கோடீஸ்வரர், அப்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை. இன்னொருவர் பியபுத்ர் சேங்கனோக்குன், தம்மசாத் பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர். முதலாளியும் வாத்தியாரும் சேர்ந்து ஒரு முற்போக்குக் கட்சி!

அவர்கள் பேசியது என்ன? ராணுவத்தை அரசியலிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும். 2017 அரசியல் சட்டத்தை மாற்ற வேண்டும். பாங்காக்கில் குவிந்திருக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் ஏகபோகத்தை உடைக்க வேண்டும். கட்டாய ராணுவ சேவையை நிறுத்த வேண்டும்.

கடைசியாகச் சொன்னது நம் வயதுக்காரர்களுக்கு நேரடியாக உறைக்கும். தாய்லாந்தில் ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் 21 வயதுப் பையன்கள் வரிசையில் நின்று சீட்டு எடுக்கிறார்கள். கறுப்புச் சீட்டு வந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் இரண்டு வருடம் வரைக்கும் பட்டாளம். சீட்டு எடுக்கிற பையனுக்குப் பக்கத்தில் அம்மா மயங்கி விழுவது வருடா வருடம் செய்தியில் வரும் காட்சி. அந்த வரிசையில் நின்ற ஒருவனுக்கு "இதை நிறுத்துவோம்" என்று ஒரு கட்சி சொன்னால் எப்படி இருந்திருக்கும்?

2019 மார்ச் 24 தேர்தல் வந்தது. 2011-க்குப் பிறகு முழுமையாக நடந்து முடிந்த முதல் பொதுத் தேர்தல் அது. 2014-ல் நடந்த தேர்தலை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால் முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்களே சுமார் 70 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். கட்சி பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 63 லட்சம் ஓட்டு, 81 இடங்கள், மூன்றாவது பெரிய கட்சி.

ஜூன் மாதம் பிரதமர் தேர்வு. பிரயுத்துக்கு 500, தனாதோர்னுக்கு 244. நியமன மேலவை உறுப்பினர்கள் 250 பேரில் 249 பேர் பிரயுத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். மீதி ஒருவர் அவைத் தலைவர், அவர் ஓட்டுப் போடவில்லை. பூட்டு சரியாக வேலை செய்தது.

பங்குப் பத்திரமும் கடன் பத்திரமும்

இனிமேல்தான் நம் பாடம் வருகிறது.

முதல் வழக்கு பங்கு பற்றியது. ஊடக நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் எம்.பி. தேர்தலில் நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. தனாதோர்னிடம் வி-லக் மீடியா என்ற பத்திரிகை நிறுவனத்தின் 6,75,000 பங்குகள் இருந்தன. 2019 ஜனவரி 8 அன்றே அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்றார் அவர். வேட்புமனு பிப்ரவரியில். ஆனால் பங்குதாரர் பட்டியல் அரசுப் பதிவேட்டில் மாற்றப்பட்டது மார்ச்சில்தான். எது செல்லும், மாற்றிக் கொடுத்த தேதியா, பதிவேட்டுத் தேதியா? கம்பெனிச் சட்ட வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. நீதிமன்றம் பதிவேட்டின் பக்கம் நின்று, 2019 நவம்பர் 20 அன்று அவருடைய எம்.பி. பதவியைப் பறித்தது. அந்த நிறுவனம் பத்திரிகை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை வழக்கும் உண்டு. கட்சியின் சின்னம் தலைகீழ் முக்கோணம் மாதிரி இருப்பதால் இவர்களுக்கு இல்லுமினாட்டி ரகசியச் சங்கத்தோடு தொடர்பு, முடியாட்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் மனுப் போட்டார். அரசியல் சட்ட நீதிமன்றம் அதை விசாரித்து, 2020 ஜனவரி 21 அன்று "அப்படி இல்லை" என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல வேளை :-)

ஒரு மாதம் கழித்து வந்ததுதான் பெரிய அடி. கட்சி நடத்தப் பணம் வேண்டுமே. தனாதோர்ன் தன் சொந்தப் பணத்தில் கட்சிக்கு 19.12 கோடி பாட் கடன் கொடுத்திருந்தார். முதல் ஒப்பந்தம் 16.12 கோடி, 7.5 சதவீத வட்டி. இரண்டாவது 3 கோடி, 2 சதவீத வட்டி. இதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை, அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

கட்சிச் சட்டப்படி ஒரு கட்சி ஒருவரிடமிருந்து வருடத்துக்கு ஒரு கோடி பாட்டுக்கு மேல் நன்கொடையோ வேறு பயனோ வாங்கக் கூடாது. கடன் வாங்கக் கூடாது என்று வெளிப்படையாக எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் என்ன சொன்னது? இந்தக் கடனின் நிபந்தனைகள் சாதாரண வியாபாரக் கடன் மாதிரி இல்லை. வட்டி குறைவு. பழைய கடன் அடையும் முன்பே புதுக் கடன். எனவே இது 'பயன்'. பயன் என்றால் உச்சவரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டியதால் அது முறையற்ற வழியில் வந்த பணம். முறையற்ற பணம் வாங்கிய கட்சியைக் கலைக்கலாம். 2020 பிப்ரவரி 21, ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு. கட்சி போயிற்று. நிர்வாகிகள் 16 பேருக்கு 10 வருட அரசியல் தடை.

இதில் இரண்டு தாவல் இருக்கிறது, கவனியுங்கள். முதல் தாவல், கடனைப் பயன் என்று சொன்னது. இதற்காவது ஒரு நியாயம் பேசலாம். சந்தை வட்டிக்குக் கீழே கடன் கொடுத்தால் அந்த வித்தியாசம் ஒரு சலுகைதான், வரிச் சட்டங்கள்கூடப் பல இடங்களில் அப்படிப் பார்க்கின்றன. ஆனால் அப்போதும் பயன் என்பது அந்த வட்டி வித்தியாசம்தானே? அசல் முழுவதும் எப்படிப் பயன் ஆகும்? அசலைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

இரண்டாவது தாவல் இன்னும் பெரியது. உச்சவரம்பை மீறுவது ஒரு குற்றம், அதற்குத் தண்டனை தனி. கலைப்பு தண்டனை இருப்பது வேறொரு பிரிவில், முறையற்ற வழியில் வந்தது என்று தெரிந்தே பணம் வாங்கும் கட்சிகளுக்கு. கறுப்புப் பணத்துக்கான அந்தப் பிரிவைக் கணக்கில் காட்டிய பணத்தின் மேல் போட்டார்கள் என்பதுதான் விமர்சகர்கள் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு கட்சி ஒரே பணக்காரரின் கடனில் ஓடுவது நல்லதா? இல்லை. கடன் கொடுத்தவன் பேச்சுக்குக் கட்சி ஆடும் ஆபத்து நிஜம். அந்த உச்சவரம்புச் சட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு கடனைத் திருப்பச் சொல்வது, அபராதம் போடுவது. 63 லட்சம் பேரின் ஓட்டைக் குப்பையில் போடுவது இல்லை.

தெருவும் சபையும்

தீர்ப்பு வந்த சில நாட்களில் பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்கள் கூட ஆரம்பித்தார்கள். கொரோனா கொஞ்ச நாள் நிறுத்தியது. 2020 ஜூலையில் மறுபடி கிளம்பியபோது பாங்காக் தெருக்கள் நிரம்பின. மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவது அவர்களின் அடையாளம், ஹாலிவுட் படத்திலிருந்து எடுத்தது. ஆகஸ்ட் 3 அன்று ஹாரி பாட்டர் வேஷத்தில் நடந்த கூட்டத்தில் அனோன் நம்பா என்ற வக்கீல் முதன்முதலாக முடியாட்சியின் அதிகாரம் பற்றி மேடையில் பேசினார். ஆகஸ்ட் 10 அன்று தம்மசாத் மாணவர்கள் 10 கோரிக்கைகளை வாசித்தார்கள். முடியாட்சியை ஒழிக்கச் சொல்லவில்லை, சீர்திருத்தச் சொன்னார்கள்.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரிய, 112 என்ற எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்லாந்து குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு: அரசர், அரசி, வாரிசு, அரசப் பிரதிநிதி ஆகியோரை அவமதித்தால் 3 முதல் 15 வருடம் சிறை. இது ஒரு குற்றத்துக்கு. பத்துப் பதிவு போட்டால் பத்துக் குற்றம், தண்டனையைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2024 ஜனவரியில் ஒருவருக்கு முகநூல் பதிவுகளுக்காக 50 வருடம் கொடுத்தார்கள். புகார் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2020 நவம்பருக்குப் பிறகு 270-க்கும் மேற்பட்டோர் மேல் இந்த வழக்கு பாய்ந்தது. அனோன் நம்பா 2023 செப்டம்பரில் சிறைக்குப் போனார், அதற்குப் பிறகும் தண்டனை மேல் தண்டனை வந்துகொண்டிருந்தது. 2024 மே மாதம், இந்தப் பிரிவில் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளம்பெண் உண்ணாவிரதத்துக்குப் பிறகு காவலிலேயே இறந்துபோனார்.

இதற்குள் கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஏற்கனவே பதிவில் இருந்த ஒரு சிறு கட்சிக்குள் போய்ச் சேர்ந்து அதற்கு 'காவ் க்லாய்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். தூரமாக அடியெடுத்து வைப்பது என்று பொருள். வெளி உலகம் 'மூவ் ஃபார்வர்டு' என்று அழைத்தது. தலைவர் பிடா லிம்ஜரோன்ராட். பழைய எம்.பி.க்களில் சிலர் ஆளும் கூட்டணிப் பக்கம் தாவினார்கள், பெரும்பாலானவர்கள் கூடவே வந்தார்கள்.

2021 மார்ச்சில் இவர்களில் 44 எம்.பி.க்கள் ஒரு மசோதா கொடுத்தார்கள். 112-ஐ நீக்கச் சொல்லவில்லை. தண்டனையை அதிகபட்சம் ஒரு வருடமாகக் குறைக்க வேண்டும், குறைந்தபட்சத் தண்டனை வேண்டாம், அரண்மனை அலுவலகம் மட்டுமே புகார் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு சொன்ன விமர்சனத்துக்கு விலக்கு வேண்டும். அவ்வளவுதான். அது விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. அரசியல் சட்டத்துக்கு முரணாக இருக்கலாம் என்று சபைத் துணைத் தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

சபையில் இவர்கள் இதை மட்டும் செய்யவில்லை. சாராயச் சந்தை மசோதா ஒன்று உண்டு. அங்கே பீர் காய்ச்ச உரிமம் வேண்டுமென்றால் ஒரு கோடி பாட் மூலதனம் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. சின்ன ஆட்கள் உள்ளே வரவே முடியாது, ஒரு சில பெரிய கம்பெனிகளின் ராஜ்ஜியம். இதை உடைக்கும் மசோதா 2022 நவம்பரில் இரண்டே ஓட்டில் தோற்றது: 194-க்கு 196. நுழைவுத் தடை என்று பொருளாதாரத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1 கோடியே 44 லட்சம்

2023 மே 14. கருத்துக் கணிப்புகள் தக்சின் குடும்பத்தின் ப்யூ தாய் கட்சிக்கு முதலிடம் சொல்லிக்கொண்டிருந்தன. பெட்டியைத் திறந்தால் மூவ் ஃபார்வர்டுக்கு 151 இடம், ப்யூ தாய்க்கு 141. கட்சிப் பட்டியலில் விழுந்த ஓட்டு 1 கோடியே 44 லட்சம். பாங்காக்கின் 33 தொகுதியில் 32.

எட்டுக் கட்சிக் கூட்டணி, 312 எம்.பி.க்கள். வேறு எந்த நாட்டிலும் இது வசதியான பெரும்பான்மை. ஜூலை 13 அன்று பிடா பிரதமர் பதவிக்கு நின்றார். கிடைத்தது 324 ஓட்டு. மேலவையிலிருந்து வந்தவர்கள் வெறும் 13 பேர். ஜூலை 19 அன்று சபை கூடிக்கொண்டிருக்கும்போதே நீதிமன்றம் அவரை எம்.பி. பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது. காரணம்? மறுபடி ஊடகப் பங்குதான்! அப்பா வழியாக வந்த ஐடிவி என்ற நிறுவனத்தின் 42,000 பங்குகள். நிறுவனத்தின் மொத்தப் பங்கில் 0.0035 சதவீதம். அந்தத் தொலைக்காட்சி 2007-லேயே ஒளிபரப்பை நிறுத்திவிட்டது.

2024 ஜனவரி 24 அன்று "ஐடிவி ஊடக நிறுவனமே இல்லை, பிடா மேல் தப்பில்லை" என்று அதே நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் அதற்குள் ப்யூ தாய் கூட்டணியை விட்டு வெளியேறி, ராணுவச் சார்புக் கட்சிகளோடு கைகோத்து, 2023 ஆகஸ்ட் 22 அன்று ஸ்ரெத்தா தவிசினைப் பிரதமர் ஆக்கிவிட்டது. அதே நாளில் 15 வருட வெளிநாட்டு வாசத்தை முடித்துக்கொண்டு தக்சின் ஊர் திரும்பினார். பந்தி முடிந்த பிறகு வந்த அழைப்பிதழ்தான் பிடாவுக்குக் கிடைத்த தீர்ப்பு.

ஒரே வாரத்தில், ஜனவரி 31 அன்று, இன்னொரு தீர்ப்பு வந்தது. 112-ஐத் திருத்துவோம் என்று தேர்தலில் பிரசாரம் செய்தது, அரசரைத் தலைவராகக் கொண்ட ஜனநாயக முறையைக் கவிழ்க்கும் முயற்சி என்றது நீதிமன்றம். அதை வைத்துத் தேர்தல் ஆணையம் கலைப்பு மனுப் போட்டது. 2024 ஆகஸ்ட் 7 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் கட்சியைக் கலைத்தார்கள். நிர்வாகிகள் 11 பேருக்கு 10 வருடத் தடை. அந்த 44 எம்.பி.க்கள் மேல் ஊழல் தடுப்பு ஆணையத்தில் தனியாகப் புகார் போனது.

எதிர்ப்பக்கத்தின் வாதத்தையும் பார்த்துவிடுவோம். அரசர் அரசியலுக்கு மேலே இருப்பவர், சாதாரண ஆள் மாதிரி கோர்ட்டுக்குப் போய் மானநஷ்ட வழக்குப் போட முடியாது, அதனால் சட்டம்தான் அவரைக் காக்க வேண்டும் என்பார்கள். 70 வருடம் ஆண்ட பூமிபோல் மீது மக்களுக்கு இருந்த மரியாதை உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சட்டத்தைச் சபையில் திருத்தக் கேட்பதே ஆட்சிக் கவிழ்ப்பு என்றால், சபை எதற்கு? சட்டம் இயற்றத்தானே எம்.பி.க்களை அனுப்புகிறார்கள்?

நற்பெயர் எந்தப் பக்கம்?

ஒரு நிறுவனத்தைக் கலைத்தால் சொத்தை விற்பார்கள், கடனை அடைப்பார்கள், மீதியைப் பங்குதாரர்களுக்குப் பிரிப்பார்கள், பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிப்பார்கள். ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் பெரும்பாலும் வராத ஒரு சொத்து இருக்கிறது. நற்பெயர். கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று புத்தகம் சொல்லும். கட்சியைக் கலைக்க வந்தவர்கள் சின்னம், அலுவலகம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். நற்பெயரை எடுக்க முடியவில்லை. 2020 கலைப்புக்கு முன் 63 லட்சம் ஓட்டு, பின் 1 கோடியே 44 லட்சம். 2024 கலைப்புக்கு இரண்டே நாள் கழித்து, மீதமிருந்த 143 எம்.பி.க்களும் 'பிரச்சாசோன்' என்ற பெயரில் ஒன்றாக வந்து நின்றார்கள். பிரஜா, ஜனம் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தது, அதாவது மக்கள் கட்சி. 1932-ல் கேட்ட பெயரின் எதிரொலி. தலைவர் நத்தபோங் ருயெங்பன்யாவுத், அப்போது வயது 37. சீக்கிரமே ஒரு கோடி பாட்டுக்கு மேல் நன்கொடை வந்து சேர்ந்தது. பணக்காரர் ஒருவரின் கடன் இல்லை, ஆயிரக்கணக்கானவர்களின் சில்லறை.

இங்கே நிறுத்தினால் "பார்த்தீர்களா, மக்களை யாராலும் அடக்க முடியாது" என்று முடித்துவிடலாம். இணையத்தில் நான் படித்த பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் தெரிகிறது. பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும்.

இரண்டு கலைப்பிலும் சேர்த்து 27 நிர்வாகிகள் பத்துப் பத்து வருடம் வெளியே. ஒவ்வொரு தடவையும் அனுபவம் உள்ள முதல் வரிசை போய், அடுத்த வரிசை பாடத்தை முதலிலிருந்து படிக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 2024 தீர்ப்புக்குப் பிறகு 112-ஐத் திருத்துவோம் என்று தேர்தல் மேடையில் சொல்வதே ஒரு கட்சியைக் கலைக்கப் போதுமான காரணம் ஆகிவிட்டது. கடை திறந்திருக்கிறது, வாடிக்கையாளர் வருகிறார். ஆனால் எந்தச் சரக்குக்காகச் சிறைக்குப் போகிற அளவுக்கு இளைஞர்கள் நின்றார்களோ, அதை அலமாரியில் வைக்கக் கூடாது.

2025 செப்டம்பரில் அடுத்த காட்சி. இன்னொரு பிரதமரையும் நீதிமன்றம் நீக்கிய பிறகு, சபையின் மிகப் பெரிய கட்சியான மக்கள் கட்சி தானே ஆட்சி அமைக்க முடியாமல், பழமைவாதியான அனுதின் சார்ன்விரகுலைப் பிரதமர் ஆக்க ஓட்டுப் போட்டது. அமைச்சர் பதவி எதுவும் வாங்கவில்லை. நான்கு மாதத்தில் சபையைக் கலைக்க வேண்டும், புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்பது நிபந்தனை. புத்திசாலித்தனமா, சமரசமா என்று அந்தக் கட்சி ஆதரவாளர்களே அடித்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் சபை கலைந்தது. யார் சரி என்பது எப்படி இருந்தாலும், 2018-ல் ராணுவ அரசியலை வெளியேற்றக் கிளம்பியவர்கள் 2025-ல் எந்த இடத்தில் நிற்க வேண்டி வந்தது என்பதைப் பாருங்கள்.

என் கணக்கில் கலைப்பின் உண்மையான பலன் அதுதான். கட்சியைக் கொல்வது நோக்கமாக இருந்திருந்தால் தோல்வி. கட்சி என்ன பேசலாம் என்ற எல்லையைச் சுருக்குவது நோக்கமாக இருந்திருந்தால், பெரிய அளவுக்கு வெற்றி. பூன்சனோங்கைச் சுட்ட தோட்டா ஒரு மனிதரைத்தான் கொன்றது. தீர்ப்பு ஒரு தலைப்பையே மேடையிலிருந்து இறக்கிவிட்டது, ரத்தம் சிந்தாமல், பக்க எண் போட்ட காகிதத்தில்.

வணிகவியல் படிக்கிற நமக்கு விதி, படிவம், பதிவேடு என்றால் நடுநிலையானவை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எண் பொய் சொல்லாது என்போம். எண் பொய் சொல்லாதுதான். 19.12 கோடி என்பது 19.12 கோடிதான். ஆனால் அதை எந்தத் தலைப்பின் கீழ் பதிவது, கடன் என்றா, நன்கொடை என்றா என்று முடிவு செய்கிற கை யாருடையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாய்லாந்தில் ஏப்ரல் மாதச் சீட்டு வரிசை இன்னும் நிற்கவில்லை. அனாகோட், இன்னும் வராதது. அந்தச் சொல்லில் 'இன்னும்' என்றும் இருக்கிறது, 'வராதது' என்றும் இருக்கிறது. எந்தப் பாதியை அழுத்திச் சொல்வது என்று அந்த வரிசையில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.